அடுக்களையும் வரலாறே

அரசர் போர்களையும் உடன்படிக்கைகளையும் வரலாறு என்று பயின்ற நாம், அடுக்களையை அவ்வாறு கருதியதில்லை. வராகமூர்த்தி கோயிலும் அகன்ற குளமும் விளங்கும் ஸ்ரீவராகத்தில், விடியுமுன் எழுந்து, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்வோர்க்குச் சமைத்துக் கட்டிக்கொடுக்கும் தமிழ்த் தாய்மார்க்குக் கையும் கண்ணுமே அளவுகோல். மகள் அதனைத் தாயருகில் நின்றே கற்றாள்.

உத்தியோகத்தின் பொருட்டுக் குடும்பங்கள் சிதறியபோது அத்தொடர்பு தளர்ந்தது. 1956 நவம்பர் 1இல் நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைய, அங்கிருந்து இங்கு வாழ்க்கைப்பட்ட பெண்டிர்க்குப் பிறந்தகமே வேறு மாநிலமாயிற்று.

இத்தகைய பிரிவுக்கு மருந்து முன்னரே சென்னையில் பிறந்திருந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் இளமையில் கணவரை இழந்து, மகனை வளர்த்த தாய். சுற்றத்தார் கேட்கக் கேட்கச் சமையல் முறைகளை எழுதி அனுப்பி வந்தார். உறவினரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர் தூண்ட, 1951இல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. கைப்பக்குவம் அதில் ஆழாக்கும் கரண்டியுமாகக் கணக்குப் பெற்றது. பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்று, புதுமணப் பெண்டிரோடு கடல் கடந்தது. தாயின் அருகிருப்பை ஏடு ஓரளவு ஈடுசெய்தது.

ஆயினும் ஒரு நூலில் எல்லா அன்னையரும் அடங்குவரோ? எம் அன்னையார் வைத்த தீயல் அவரோடு மறைந்தது. தேங்காய் எந்நிறத்தில் வறுபட்டதும் இறக்க வேண்டும் என்று நாம் கேட்டு வைக்கவில்லை, உண்டதோடு சரி. மூதாட்டியர் உள்ள இல்லத்தார் இன்றே கேட்டு எழுதிவைப்பாராக. அதுவும் வரலாற்றுப் பணியே.