நத்தார் விருந்தில் மரபும் புதுமையும்: தலைமன்னார்க் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாறு கோட்டைகளிலும் கல்வெட்டுக்களிலும் மட்டும் தங்கியிருப்பதன்று. பெருநாளில் தன் இல்லம் வந்தோர்க்கு அச்சமூகம் எதனைச் சமைத்துப் படைத்தது என்பதிலும் அது பொதிந்து கிடக்கின்றது. அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் ஏடுகளில் நிலைபெற, அடுப்படியின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகின்றது. மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில் அமைந்த தலைமன்னாரையும் அதனைச் சார்ந்த கரையோரத்தையும் இந்நோக்கில் ஆராய்வது பயனுடையதாகும். கிறிஸ்து பிறப்புப் பெருநாளன்று விருந்தினர்க்கு வழக்கத்தில் இல்லாத உணவொன்றைத் தலைமை உணவாகப் படைப்பது தகுமா என்னும் வினா எழும்பொழுதெல்லாம், மரபு கெடுகின்றது என வருந்துவோர் உளர். அம்மரபு யாது, அது எப்பொழுது தோன்றியது என வினவுவோர் மிகச் சிலரே.

இப்பெருநாளின் பெயரே முதற்கண் நோக்கற்பாலது. ஈழத்துத் தமிழர் வழங்கும் 'நத்தார்' என்னும் சொல், பிறப்பு எனப் பொருள்படும் 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். உணவு சமைக்கும் 'குசினி', அதனைப் பரிமாறும் 'மேசை', உடன் வைக்கும் 'பாண்' ஆகியனவும் அம்மொழி தந்தவையே. 1544 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களுள் ஏறத்தாழ அறுநூற்றுவர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர் என்பது மரபு. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658 இல் தீவு ஒல்லாந்தர் வசமாயிற்று. சீர்திருத்தச் சபையினரான ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். 1687 இல் இலங்கைக்கு வந்த யோசவ் வாஸ் அடிகளார் மறைவாகவே பணியாற்ற வேண்டியிருந்தது. கத்தோலிக்கர் மீதான தடைகள் ஆங்கிலேயர் ஆட்சியில், 1806 இலேயே நீக்கப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வெளிப்படையாக வழிபடவும் இயலாதிருந்த மக்களிடத்து, மாற்றமின்றி வழிவழி வந்த பெருவிருந்து முறை ஒன்று இருந்தது எனக் கருதுதல் பொருந்தாது.

மேலைநாட்டாரின் 'மரபு' எனப்படுவதும் அத்துணைத் தொன்மையானதன்று. நத்தார் மேசைக்குரியது எனப் பலரும் எண்ணும் வான்கோழி மெக்சிக்கோ நாட்டார் வளர்த்த பறவை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது ஐரோப்பாவை அடைந்தது. 1843 இல் வெளிவந்த சாள்ஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதையில் ஏழைக் குடும்பம் உண்பது பெருவாத்து. வான்கோழியோ மனந்திருந்திய செல்வன் வாங்கி அனுப்பும் பரிசு. போலந்து நாட்டினர் நத்தாருக்கு முன்னைய இரவில் இறைச்சி நீக்கிய பன்னிரு வகை உணவுகளை உண்பர். எதிர்பாராது வரும் விருந்தினர்க்கென ஓர் இருக்கையை வெறுமையாக விட்டுவைப்பர். கிறிஸ்தவர் மிகச் சிலரேயான யப்பானில், 1974 இல் ஒரு வணிக நிறுவனம் நாடளாவிச் செய்த விளம்பரத்தின் விளைவாகப் பொரித்த கோழி நத்தார் உணவாயிற்று. ஆகவே, ஓரிடத்தின் மரபு பிறிதோரிடத்தின் புதுமையாகவும், நேற்றைய புதுமை இன்றைய மரபாகவும் ஆகிவருதல் உலக இயல்பு எனலாம்.

இனி, மன்னார்க் கரைக்கு வருவோம். கடலை நம்பி வாழ்வார்க்கு மீன் நாளாந்த உணவு. வேறு நாட்டார் அரிதெனப் போற்றும் இறாலும் நண்டும் கணவாயும் இங்கு ஏழையின் சட்டியிலும் வேகும். எனவே பெருநாளைப் பிற நாள்களினின்று வேறுபடுத்த வேண்டின், நிலத்தின் இறைச்சியே வேண்டப்பட்டது. திருச்சபையின் ஒழுங்கும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி நத்தாருக்கு முந்திய நாள் நோன்பும் இறைச்சி விலக்கலும் உரிய நாளாகும். 1966 இல் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தும்வரை இந்நிலை நீடித்தது. நோன்பிருந்து, நள்ளிரவுத் திருப்பலி கண்டு, அதன்பின் உண்ணும் ஆட்டிறைச்சிக் கறிக்கோ கோழிக் கறிக்கோ உள்ள சுவையை அந்நோன்பே தந்தது. நோன்பு தளர்ந்தபின் இறைச்சி மட்டும் எஞ்சி நிற்பின், மரபின் ஒரு பாதியே எஞ்சியது என்றுதான் கொள்ளவேண்டும்.

மரபு என்ற காரணத்தால் மட்டும் ஓர் உணவைக் காத்தல் தகுமா என்பதற்கும் இக்கரையே விடை பகர்கின்றது. 1560 அளவில் மன்னார்க் கடலில் மனித உருவுடைய ஏழு உயிர்கள் வலையிற் சிக்கியதாகவும், அவற்றைப் பார்த்தோருள் அன்றிக்கே அடிகளாரும் கோவாவின் ஆளுநருடைய மருத்துவரும் இருந்ததாகவும் இயேசு சபையினரின் குறிப்பொன்று கூறும். அவை கடற்பன்றி எனவும் ஆவுளியா எனவும் வழங்கப்படும் பாலூட்டிகளே என்பது பிற்கால அறிஞர் துணிபு. அதன் இறைச்சி இக்கரையில் நெடுங்காலம் விரும்பி உண்ணப்பட்டது. கடலாமையின் நிலையும் அதுவே. இன்று இவ்விரண்டும் அருகிவிட்டன. இலங்கையில் கடற்பன்றி 1970 முதலும் கடலாமை 1972 முதலும் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. எதிர்க்கரையில், பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பன்றியின் காப்பிடமாகத் தமிழ்நாடு அரசு 2022 இல் அறிவித்தது. முன்னோர் உண்டனர் என்பதற்காக இவற்றை மீண்டும் மேசைக்குக் கொணர்தல் மரபு பேணுதலாகாது. பிள்ளைகளுக்குரிய கடலைத் தந்தையர் உண்டு தீர்த்தலாகவே முடியும்.

யாது சமைப்பது என்னும் வினாவுக்கு முன்னர், யாருக்குச் சமைப்பது என்னும் வினா நிற்கின்றது. தலைமன்னார் என்றும் வருவோர் போவோரின் துறையாக இருந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, இரு கரைகளின் இருப்புப் பாதைகளும் இணைந்தன. மலையகத் தோட்டங்களை நாடி வந்தோரும், 1964 ஒற்றோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரும் இத்துறையைக் கடந்தே சென்றனர். அதே 1964 டிசம்பரில், நத்தாருக்கு மூன்றே நாள் இருக்க, 22 ஆம் திகதி இரவு வீசத் தொடங்கிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. மன்னார்க் கரையையும் சிதைத்தது. அத்தகையதோர் ஆண்டில் பசித்தோன் கையிற் சேரும் ஒரு பிடி சோறே தலைமை உணவாகும். அதற்கு மேல் மரபு பேசுவார் இலர்.

அயலவரும் விருந்தினரே. திருக்கேதீச்சரம் விளங்கும் இம்மாவட்டத்திற் சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரோடு அடுத்தடுத்து வாழ்கின்றனர். நத்தார் எப்பொழுதும் மார்கழியிலேயே வருகின்றது. பிள்ளையார் கதை நோன்பும் திருவெம்பாவைப் பூசையும் பல ஆண்டுகளில் அந்நாளை ஒட்டியே அமையும். அக்காலத்து வீட்டுக்கு வரும் சைவ நண்பனுக்கு, புலால் கலவாத பாத்திரத்திற் சமைத்த மரக்கறிச் சோறே விருந்து. முஸ்லிம் நண்பனுக்கோ அவனது நெறிப்படி அறுக்கப்பட்ட இறைச்சியே விருந்து. முஸ்லிம்களின் சமையலறையிற் சிறந்த புரியாணி இன்று தமிழ்க் கிறிஸ்தவர் பலரின் நத்தார் உணவாகிவிட்டமை, அயலவரின் சுவை அடுப்புக்கு அடுப்பு பரவும் இயல்பைக் காட்டுகின்றது. இவ்வுணவுகளை மரபல்லாதன என ஒதுக்குவோர், மேசையிலிருந்து ஓர் உணவை மட்டும் விலக்குவதில்லை. அதனை உண்ணக்கூடிய ஒரு மனிதனையும் விலக்குகின்றனர்.

இவ்விலக்கலின் கொடுமையை மன்னார் நன்கறியும். 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களினின்று வெளியேறியோர் புத்தளம் முதலிய இடங்களில் அகதிகளாயினர். பெருந்தொகையினர் 2009 இற் போர் முடிந்தபின்னரே மீளத் தொடங்கினர். அவ்வாண்டுகளின் நத்தார் மேசைகளில் வெறுமையாகக் கிடந்த இருக்கைகள், போலந்து நாட்டார் விட்டுவைக்கும் இருக்கை போன்றன அல்ல. அது வருவானை எதிர்நோக்கிய இருக்கை. இவை அனுப்பப்பட்டவனின் இருக்கை. மீண்டு வந்த அயலவனை அவன் உண்ணத்தக்க உணவோடு வரவேற்றல் சமையல் பற்றிய சிறு செய்தியன்று. சமூக வரலாற்றின் ஒரு புண்ணை ஆற்றும் முயற்சியாகும்.

புதியன யாவும் கொள்ளத்தக்கன என்பது இதனாற் பெறப்படாது. அயலவர் வியக்கவேண்டுமெனக் கடன்பட்டு வாங்கும் வான்கோழியும் இக்கரைக்குப் புதியதே. ஆயின் அது விருந்தினனை நோக்கிச் சமைக்கப்படுவதன்று. சமைப்பவனின் பெருமையை நோக்கிச் சமைக்கப்படுவது. மறுதலையாக, கனடாவிலோ ஐரோப்பாவிலோ பல்லாண்டு வாழ்ந்து ஊர் திரும்பும் உறவினனுக்கு வான்கோழி பழையது. ஒடியல் மாவோடு மீனும் இறாலும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் இட்டுக் காய்ச்சிய கூழே அவனுக்குப் பெருநாள் உணவாகக்கூடும். உணவின் தகுதியை அதன் பழைமையோ புதுமையோ தீர்மானிப்பதில்லை. உண்பவன்மேல் வைத்த கருத்தே தீர்மானிக்கின்றது.

தமிழ்மொழி இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு சொல்லில் அடக்கி வைத்துள்ளது. 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் நூலின் வனப்புக்களுள் ஒன்றாக அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டார். புதுமையைக் குறித்த சொல் பின்னர்ப் புதிதாய் வந்த மனிதனைக் குறித்தது; அதன்பின்னரே அவனுக்கு அளிக்கும் உணவைக் குறித்தது. சொல்லின் வரலாறு காட்டும் வரிசையில் மனிதன் முன்னும் உணவு பின்னுமாக நிற்றல் கருதத்தக்கது. ஆகவே, நத்தார் நாளில் வந்தவனை அறிந்து அவனுக்கேற்ற புதிய உணவைத் தலைமை உணவாகப் படைக்கும் மன்னார் இல்லம் தமிழர் மரபினின்று வழுவியதன்று. வந்தவன் யாரென நோக்காது சென்ற ஆண்டின் கறியையே மீண்டும் சமைக்கும் இல்லமே அம்மரபை மறந்தது எனல் வேண்டும்.