கரி எரிய மறுப்பது ஏன்? டீசல் துகள் வடிகட்டியின் வரலாறு குறித்துச் சில

டீசல் காரின் முகப்புப் பலகையில் துகள் வடிகட்டிக்குரிய எச்சரிக்கை விளக்கு எரியும்போது பணிமனையில் முதலில் கிடைக்கும் விளக்கம், ‘வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டவில்லை’ என்பதுதான். விளக்கம் பிழையானதன்று, எனினும் அது முழுமையற்றது. ஓர் இயந்திர உறுப்பின் தேவை எவ்வாறு ஓட்டுநரின் கடமையாக மாறியது என்பதை அறிய அவ்வுறுப்பின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

டி.பி.எஃப். எனப்படும் இவ்வடிகட்டி தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை குழாய்ச்சுவரின் நுண்துளைகள் வழியே புகுந்தே வெளியேற முடியும். கரி உள்ளே தங்கிவிடும். கரியைப் பிடிப்பது எளிது. பிடித்த கரியை அவ்வப்போது எரித்து வடிகட்டியை மீட்பதே, அதாவது ‘ரீஜெனரேஷன்’ என்பதே, தொடக்கம் முதல் இன்றுவரை தீராத சிக்கல். கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நகர நெரிசலில் ஊரும் டீசல் காரின் புகையில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

அந்த வெப்பத்தை யார் தருவது? இக்கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்தது. 1985இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் கலிபோர்னியாவில் விற்ற டீசல் கார்களில், வெப்பம் மிகுந்த இடம் வேண்டி, வடிகட்டியை டர்போவுக்கு முன்னால் பொருத்தியது. பீங்கான் உடைந்து சிதறித் டர்போவையே கெடுத்ததால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 2000இல் பியூஜோ 607 காரில் விடை மாறியது. சீரியம் கலந்த துணைத்திரவம் கரி எரியும் வெப்பநிலையைத் தாழ்த்தியது. இயந்திரக் கணினி கூடுதல் எரிபொருளைத் தெளித்துப் புகையைச் சூடாக்கியது. வினையூக்கி பூசிய பிற்கால வடிகட்டிகள் துணைத்திரவத்தைத் தவிர்த்தன. ஆனால் வினையூக்கிக்குக் கந்தகம் பகை.

இந்தியக் கதை இந்தக் கந்தகத்தில்தான் தொடங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் பத்து லட்சத்தில் 10,000 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. டெல்லியின் காற்று குறித்து அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1996இல் வெளியிட்ட நூலும், பேருந்துகளை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றுமாறு 1998இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையும் எரிபொருள் தரத்தைப் பொதுவிவாதமாக்கின. பாரத் 3 நிலையில் 350 பங்காகவும், 4ஆம் நிலையில் 50 பங்காகவும் கந்தகம் குறைந்தது. 2016 சனவரியில் நடுவண் அரசு 5ஆம் நிலையைத் தாண்டி நேரே 6ஆம் நிலைக்குச் செல்ல முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1இல் நாடெங்கும் 10 பங்கு டீசல் வந்தது. காரின் துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகச் சரிந்தது. வடிகட்டியின்றி அவ்வரம்பை எட்டுவது நடைமுறையில் இயலாது.

எரிபொருள் மாறியது, சட்டம் மாறியது, சாலை மாறவில்லை. சான்றளிப்புச் சோதனை ஆய்வகத்தில், மணிக்கு 90 கிலோமீட்டர் வரை செல்லும் ஓட்டச் சுழற்சியில் நடந்தது. சாலையில் ஓட்டியே அளக்கும் முறை 2023 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஓட்டுநரிடம் விடப்பட்டது: பதினைந்து, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுக.

அவ்வாறு ஓட்டியும் கரி எரியாவிடில் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. வடிகட்டியின் இருபுற அழுத்த வேறுபாட்டை அளக்கும் உணரியின் குழாய் விரிசல் கண்டிருக்கலாம், வெப்ப உணரி பழுதாகியிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்டதால் இயந்திரம் உரிய சூட்டை எட்டாதிருக்கலாம், இன்ஜெக்டரோ இ.ஜி.ஆர். வால்வோ கெட்டு அளவுமீறிக் கரியை உண்டாக்கலாம். தொட்டியில் டீசல் குறைந்தாலும் பல கார்களில் கணினி எரிப்பைத் தொடங்குவதில்லை. பாதியில் நின்ற எரிப்புகள் என்ஜின் ஆயிலில் டீசலைக் கலக்கின்றன; ஆயில் மட்டம் ஏறுவது அதன் அடையாளம். கரி ஓர் எல்லையைக் கடந்தால், பீங்கான் உருகும் எனக் கருதிக் கணினியே எரிப்பைத் தடுத்துவிடும். அப்போது ஸ்கேனர் மூலம் வலிந்து எரிப்பதுண்டு. மூலக்காரணத்தைக் களையாமல் எரித்தால் விளக்கு மீண்டும் எரியும். ஆயிலின் உலோகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பலோ எவ்வெப்பத்திலும் எரியாது; அதைக் கழுவி நீக்கவோ வடிகட்டியை மாற்றவோ வேண்டும்.

இவ்வளவையும் ஆராயப் பொறுமையற்ற இடத்தில் வடிகட்டியையே அறுத்தெறியும் வழக்கம் நுழைகிறது. நம் புகைச்சான்று நிலையங்கள் டீசல் புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள் அச்சோதனைக்கு அகப்படுவதில்லை. நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023இல் துகள்களை எண்ணும் கருவியைப் பருவச் சோதனையில் கொண்டுவந்தது இதனால்தான். இருபதாண்டு வழக்குகளாலும் தூய எரிபொருளுக்கான பெருஞ்செலவாலும் கிடைத்த பயன், பணிமனையில் ஒரு பிற்பகலில் அழிந்துபோகக்கூடும். ஓட்டுநரைக் குறைகூறுவதோடு நின்றுவிடும் விளக்கம் அந்த அழிவுக்குத் துணைபோகிறது.