ஆளில்லாத மேடையும் அங்கே போற ஆட்களும்

எங்க நாங்குநேரிக்குத் தெக்கே மகேந்திரகிரி. அங்க ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும்போது எஞ்சின் பக்கத்துல ஒரு ஆளும் இருக்கமாட்டார். தள்ளி ஒரு அறையில உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாத்தான் பத்த வைப்பாங்க. இதே மாதிரி நடுக்கடல்ல, ராத்திரி பகலா எரிவாயு எடுக்க முடியுமா? நம்ம சோழமண்டலக் கரைக்கு எதிரேயே நடந்திருக்கு மக்களே.

பிஒய்-1னு ஒரு எரிவாயு வயல். வாயு அடைஞ்சு கிடந்தது கருங்கல் பாறையோட வெடிப்புக்குள்ள! ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி அங்க ஆளில்லாத மேடை ஒண்ணு நிறுத்தி, 2009ல உற்பத்தியைத் தொடங்கிச்சு. வாயு கடலுக்கடியில 50 கி.மீ.க்கு மேல குழாய்ல ஓடி, திருக்கடையூர் பக்கத்துல பிள்ளைபெருமாள்நல்லூர்ல கரையேறும். சுத்திகரிப்பு எல்லாம் கரையிலதான்.

இந்த மாதிரி மேடைகள்ல அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சொல்றதை ஒரு சின்னப் பெட்டி வாங்கி ரேடியோ வழியா அனுப்பும். கட்டுப்பாட்டு அறையில இருக்கிறவர் திரையைப் பார்த்து வால்வை மூடுவார், திறப்பார்.

"கம்ப்யூட்டர் படுத்துட்டா?"ன்னு டீக்கடையில ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பிடிச்ச இடமும் இதுதான். கிணத்துக்குள்ள இருக்கிற வால்வு, எண்ணெய் அழுத்தம் இருந்தாத்தான் திறந்து நிக்கும். அழுத்தம் போச்சுன்னா ஸ்பிரிங் தானா மூடிடும். மேடையில தீப்பிடிச்சாலும், சூட்டுல உருகுற சின்ன அடைப்பான் உருகி அழுத்தத்தை வெளியேத்திடும். கம்ப்யூட்டரே வேண்டாம். பழைய இரும்பு புத்திதான் கடைசிக் காவல் :-)

ஏன் இவ்வளவு பாடுன்னா, 1988 ஜூலையில வட கடல்ல பைப்பர் ஆல்ஃபா மேடை எரிஞ்சு 167 பேர் போனாங்க. நம்ம மும்பை ஹையில 2005 ஜூலை 27, கையில அடிபட்ட ஒருத்தரை இறக்க வந்த கப்பல் மோதி, பி.எச்.என். மேடை எரிஞ்சு 22 பேர். ஆள் தங்கி வேலை செஞ்ச மேடைகள் ரெண்டும். நார்வேக்காரங்க 2017ல வாலெமோன் எரிவாயு மேடையைக் கரையில பெர்கன்ல இருந்தே இயக்க ஆரம்பிச்சுட்டாங்க.

சம்பளச் செலவு மிச்சம்னும் ஒரு கணக்கு இருக்கு, மறுக்கலை. ஆனா ஆளில்லாத மேடைன்னா ஆளே போகாத மேடைன்னு அர்த்தமில்லை. துரு புடிக்கும், பெயிண்ட் அடிக்கணும், வெல்டிங் வைக்கணும், குழாய் மாத்தணும். அதுக்குப் போற ஆட்கள் படகுலயும் மிதவைக் கப்பல்லயும் தங்குவாங்க. 2021 மே மாசம் டவ்தே புயல்ல மும்பைக்கு அந்தப் பக்கம் மூழ்கின பி-305 அப்படிப்பட்ட தங்குமிடம்தான். இருந்தவங்க 261 பேர். செத்தவங்க எழுபதுக்கும் மேல. நங்கூரம் அறுந்து அலைஞ்சு, ஒரு மேடையில மோதி ஓட்டை விழுந்துச்சுன்னு தப்பிச்சவங்க சொன்னாங்க. நிறைய பேர் ஒப்பந்தக்காரங்ககிட்ட வேலை பார்த்த வெல்டர், ஃபிட்டர், பெயிண்டர்.