அடத்திக் கடையும் ஐராவதி நதியும்: பர்மாவில் நகரத்தார் பின்னிய வணிக வலை

வணிகவியல் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் "கூட்டுறவு வலையமைப்பு" என்ற சொல் பழகிப் போயிருக்கும். ஒரு சிறிய நிறுவனம் தன்னந்தனியாக வெளிநாட்டுச் சந்தையில் கால் ஊன்ற முடியாது. மூலதனம், உள்ளூர்த் தகவல், நம்பகமான ஆட்கள் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றைப் பல நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்து கொண்டால் எல்லோரும் சேர்ந்து வளரலாம், நீடித்தும் நிற்கலாம் என்பது பாடம். இதற்குப் புத்தகங்கள் ஜப்பானையும் இத்தாலியையும் உதாரணம் காட்டும். ஆனால் பிறப்பு, வளர்ச்சி, வீழ்ச்சி என்று முழு வரலாறும் கண்ணுக்குத் தெரியும் ஓர் உதாரணம் காரைக்குடிப் பக்கமே இருக்கிறது. அதுதான் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா வரை விரித்த வணிக வலை.

இந்த வரலாற்றைப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பெருமை பேசிவிட்டு நிறுத்திக் கொள்கிறார்கள். அல்லது "வட்டிக்கு விட்டவர்கள்" என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். இரண்டுமே ஒரு முக்கியமான கேள்வியைத் தொடுவதில்லை. எண்பது ஆண்டுகள் கட்டுக்கோப்பாக இயங்கிய ஒரு வலை, ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுகளில் எப்படி அறுந்து போனது?

வறண்ட சீமையிலிருந்து வயல்வெளிக்கு

செட்டிநாடு மழை குறைந்த பூமி. அங்கே விவசாயத்தை நம்பி ஒரு சமூகம் செல்வம் சேர்த்திருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் உப்பு வியாபாரம் செய்துவந்த நகரத்தார், பின்னர் கொடுக்கல் வாங்கல் தொழிலில் இறங்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொடி ஏறிய துறைமுகங்களுக்கெல்லாம் அவர்களும் போனார்கள். இலங்கையில் காப்பித் தோட்டங்கள், மலாயாவில் ஈயமும் ரப்பரும், வியட்நாமில் சைகோன் நகர வியாபாரம் என்று எங்கும் அவர்கள் பணம் புழங்கியது.

இவற்றில் பெரியது பர்மா. 1852-இல் நடந்த இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பின் கீழ் பர்மா பிரிட்டிஷார் வசம் வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவின் கதவு அகலமாகத் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காடுகளும் சதுப்பு நிலங்களும் வயல்களாகத் தொடங்கின. 1850-களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ் பர்மா நெல் பரப்பு, 1930-களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

காட்டை வெட்டிக் கழனியாக்க விவசாயிக்கு முன்பணம் வேண்டும். மாடு வாங்க வேண்டும், விதை வாங்க வேண்டும், அறுவடை வரை சாப்பிட வேண்டும். ரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வியாபாரிகளுக்குத்தான் கடன் கொடுத்தன. சேற்றில் நிற்கும் விவசாயியின் பெயர் கூட அவற்றுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் நுழைந்தார்கள்.

வலை பின்னப்பட்ட விதம்

கடல் தாண்டிப் பணம் அனுப்பும் எந்த முதலாளிக்கும் முதலில் வரும் பயம், "அங்கே இருக்கும் ஆள் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது?" என்பதுதான். நகரத்தார் இதற்குப் பல அடுக்குகளில் விடை வைத்திருந்தார்கள்.

முதல் அடுக்கு கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு நகரத்தாரும் இவற்றில் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தவர். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். ரங்கூனில் கணக்கில் கை வைத்தவன் பெயர் செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். அப்புறம் அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்க யார் முன்வருவார்? நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே அங்கே தண்டனை முடிந்துவிடும்.

இரண்டாவது அடுக்கு ஆள் பயிற்சி. சிறுவயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர வேண்டும். அங்கே எடுபிடி வேலையோடு கணக்கும் கற்க வேண்டும். பிறகு அடுத்தாள், அதன்பின் மேலாள் அல்லது ஏஜெண்ட். வெளிநாட்டுக் கடைக்குப் போகும் ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும். மூன்று வருடம் முடிந்து ஐந்தொகை போட்டு லாபம் தெரிந்த பிறகு அதற்கேற்ற வெகுமதியும் கிடைக்கும். நன்றாகச் சம்பாதித்துக் கொடுத்தவர் பிறகு தானே முதலாளியாகிவிடுவதும் உண்டு. அதாவது இன்றைய ஏஜெண்ட் நாளைய கூட்டாளி.

மூன்றாவது அடுக்கு பணம். எல்லாப் பணமும் முதலாளியின் சொந்தப் பணம் அல்ல. உறவினர் வைப்பு, ஆச்சிமார் சீதனப் பணம், கோயில் பணம் எல்லாம் தொழிலில் சுழன்றன. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு மகமையாகக் கோயிலுக்குப் போகும்; அந்தக் கோயில் பணமே மறுபடி வட்டிக்குக் கடைகளுக்கு வரும். பெரிய முதலாளிகள் அடத்திக் கடைகளாக இருந்து சிறிய கடைகளின் பணத்தை வாங்கி வைப்பார்கள், தேவைப்படும்போது கொடுப்பார்கள். அவர்கள் எழுதும் உண்டியலை வைத்து ஓர் ஊரில் கட்டிய பணத்தை இன்னோர் ஊரில் எடுக்கலாம். ஒரு வங்கிகளுக்கான வங்கி செய்யும் வேலையைச் சட்டமோ அரசு முத்திரையோ இல்லாமல் இவர்கள் செய்தார்கள்.

நான்காவது அடுக்கு தகவல். ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை மாதந்தோறும் முடிவு செய்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம், ஒரு ஏஜெண்ட். பகலில் அங்கேயே தொழில், இரவில் அங்கேயே படுக்கை, சாப்பாடு பொதுச் சமையல். யாரிடம் கடன் வாங்கியவன் தவணை தவறுகிறான் என்ற செய்தி அடுத்த பெட்டிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

போட்டியாளர்களே ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து விவரத்தைப் பகிர்ந்து கொண்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கடையும் தனி முதல், தனி லாபம், தனி நஷ்டம். ஆனால் நம்பிக்கை மட்டும் பொதுச் சொத்து.

எண்கள் சொல்வது

1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. தொழிலில் இருந்த மொத்தப் பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி! அதில் பெரும்பகுதி நகரத்தாரின் சொந்த மூலதனம்.

கொள்ளை வட்டி என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், நிலத்தின் மீது அவர்கள் கொடுத்த கடனுக்கு வட்டி, உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த உள்ளூர்க்காரர்களில் பலர் நகரத்தாரிடமே பணம் வாங்கித்தான் மேல் வட்டிக்கு விட்டார்கள். நிலத்தை எடுத்துக்கொள்வதும் நகரத்தாரின் நோக்கமாக இருக்கவில்லை. வட்டித் தொழிலுக்குப் பணம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிலமாக உறைந்துவிட்டால் அது நஷ்டம்தான்.

1930

அந்த உறைதல்தான் நடந்தது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பர்மாவை எட்டியபோது நெல் விலை சரிந்து பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 25 லட்சம்.

காகிதத்தில் பார்த்தால் சொத்து பெருகியிருந்தது. கையில் பணம் இல்லை. அடத்திக் கடைகள் சிறிய கடைகளுக்கும், சிறிய கடைகள் விவசாயிக்கும் கொடுத்திருந்த பணம் எல்லாமே கடைசியில் ஒரே பயிரை நம்பி நின்றது. எல்லோரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்து நின்றதால், ஒருவர் சறுக்கியபோது மற்றவர்களும் சேர்ந்து இழுபட்டார்கள்.

நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணுக்கு உலகச் சந்தை தெரியவில்லை. தன் வயலுக்குப் புது உரிமையாளனாக வந்த அயலூர்க்காரன்தான் தெரிந்தான். 1930 டிசம்பரில் தாராவாடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது. அதன் பிறகு நிகழ்ச்சிகள் வேகமாக நகர்ந்தன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். நடந்தே வந்தவர்களில் ஏராளமானோர் வழியில் இறந்தார்கள். சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. 1963-64-இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. அத்தோடு பர்மாக் கணக்கு மூடப்பட்டது.

வலைக்கு வெளியே நின்றவர்

போர் வந்ததால் எல்லாம் போனது என்று சொல்வது எளிது. உண்மைதான், ஜப்பானியப் படையெடுப்பை எந்த வணிக வலையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் போர் முடிந்த பிறகும் ஏன் மீள முடியவில்லை?

வலையின் பலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது கணக்கைச் சுத்தமாக வைத்தது; அதுவே எந்த ஏஜெண்டும் பர்மிய மண்ணில் வேர் பிடிக்காமலும் வைத்தது. பெரும்பாலானோர் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். கோயிலும் கல்யாண உறவும் நம்பிக்கையைக் காத்தன. அந்த வட்டத்துக்குள் பர்மியர் ஒருவர் கூட்டாளியாக நுழையவே முடியாது. லாபம் செட்டிநாட்டுக்கு வந்து பர்மா தேக்குத் தூண்களாக நின்றது. ஐராவதிக் கரையில் அதற்கு ஈடாகக் காட்ட அதிகம் இல்லை.

ஐராவதி டெல்டாவின் விவசாயிதான் அந்தத் தொழிலின் அச்சாணி. அவர் விளைவித்தால்தான் வட்டி வரும். ஆனால் நடப்பு வட்டி முடிவாகும் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை, லாபத்தில் பங்கில்லை. நஷ்டம் வந்தபோது மட்டும் முதல் ஆளாக நிலத்தை இழந்தார். ஆகவே 1948-இல் அந்த நிலங்கள் பறிக்கப்பட்டபோது பர்மாவில் வருந்துவதற்கு யாருக்கும் காரணம் இல்லை. சட்டப்படி சரியாக வாங்கிய பத்திரங்கள் கையில் இருந்தன. அவற்றுக்காகக் குரல் கொடுக்க அந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை.

மிஞ்சியது எது?

எல்லாமே அழிந்துவிடவில்லை. தப்பியவை எவை என்று பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரிகிறது. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் பலர் சேமிப்பை இழந்த பிறகு, 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரும் நகரத்தாரும் சேர்ந்து இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார், அடுத்துப் பினாங்கு. 1963-இல் பர்மாவில் வங்கிகள் அரசுடைமையானபோதும் வங்கி நின்றது. 1969-இல் இரண்டு வங்கிகளையும் இந்திய அரசு எடுத்துக்கொண்ட பிறகும் அவை தொடர்கின்றன.

1900-இல் பர்மாவின் மௌல்மேனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930-களில் மூலதனத்தைத் தாயகத்துக்குத் திருப்பியது. 1949-இல் பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது.

இவர்கள் எல்லோரும் பழைய வலையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள். வேறு சமூகத்தவரின் வைப்பை வாங்கினார்கள், வேறு சமூகத்தவரை வேலைக்கு அமர்த்தினார்கள், வேறு நாட்டவரோடு பங்கு வைத்தார்கள். பணத்தையும் ஒரே பயிரில் முடக்கவில்லை.

இன்று இந்திய நிறுவனங்கள் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கடை விரிக்கின்றன. கூட்டாளிகளின் பட்டியல் ஆண்டறிக்கையில் அழகாக அச்சாகிறது. "நிலைத்த வளர்ச்சி" என்ற தலைப்பும் தவறாமல் இருக்கும். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அந்த ஊர் விவசாயி, அந்த ஊர்த் தொழிலாளி, அந்த ஊர்ச் சிறு வியாபாரி இதில் எங்கே இருக்கிறார்? பங்குதாரராகவா, வாடிக்கையாளராகவா, அல்லது வெறும் அடமானமாகவா? பர்மாவில் 1,650 கடைகள் இருந்தும் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாமல் போயிற்று.