காமிக்ஸ் மாநாடுகளில் போர்ட்ஃபோலியோ பரிசீலனை

காமிக்ஸ் மாநாட்டுக்கு வரும் புதிய ஓவியர்களின் மாதிரிப் பக்கங்களைப் பதிப்பக ஆசிரியர்கள் நேரில் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடு போர்ட்ஃபோலியோ பரிசீலனை எனப்படுகிறது. 1970இல் தொடங்கிய சான் டியேகோ காமிக்-கான் உள்ளிட்ட அமெரிக்க மாநாடுகளில் இது நெடுநாள் வழக்கம். ஓவியம் பார்க்கும் இடம் என்று பெயரே தவிர, அங்கே முதலில் எடைபோடப்படுவது கதை சொல்லும் திறமைதான். தொழில் நடக்கும் விதம் அப்படி. மாத இதழ் ஒன்றுக்கு 20 அல்லது 22 பக்கங்கள். பென்சில் ஓவியர் வேலைநாளுக்கு ஏறத்தாழ ஒரு பக்கம் முடித்தாக வேண்டும். வாரக்கணக்கில் மெருகேற்றிய ஒற்றைப் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், இதற்கு உத்தரவாதம் ஆகாது. அதனால்தான் 11க்கு 17 அங்குலத் தாளில் தொடர்ச்சியாகச் சில பக்கங்களை ஆசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். வசனம் இல்லாமலே நடப்பது புரிகிறதா? முதல் கட்டத்தில் கதவுக்கு இடப்பக்கம் நின்றவர் மூன்றாம் கட்டத்தில் காரணமே இல்லாமல் வலப்பக்கம் போய்விட்டாரா? கோணம் மாறினாலும் முகம் அதே ஆளுடையதுதானா? இருவர் சமையலறையில் உட்கார்ந்து பேசும் பக்கம், சண்டைக் காட்சியைவிடச் சீக்கிரம் ஓவியரின் குறையைக் காட்டிக்கொடுக்கும். வேகக் கோடுகளுக்குப் பின்னால் ஒளிய அங்கே வழியில்லை.

கதை சொல்லும் திறமைதான் முதலில் என்பதற்கு, மார்வெல் பதிப்பகம் 1983இல் வெளியிட்ட ட்ரை-அவுட் புக் என்ற போட்டி நூல் நல்ல சான்று. அது வாசகர்களிடம் அழகான தனிப்படம் கேட்கவில்லை. பாதியில் நின்ற ஸ்பைடர்-மேன் கதையைக் கொடுத்து முடிக்கச் சொன்னது. அந்தப் போட்டியில் வென்ற மார்க் பேக்லி பின்னாளில் அல்டிமேட் ஸ்பைடர்-மேனின் முதல் 111 இதழ்களையும் விடாமல் வரைந்தார். விற்பனையைத் தூக்கி நிறுத்துவது கண்ணைப் பறிக்கும் படம்தானே என்று ஓவியர் ஜிம் லீயைக் காட்டி மறுக்கலாம். அவர் வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 1991இல் 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது உண்மை. ஆனால் நியூயார்க் மாநாடு ஒன்றில் ஆசிரியர் ஆர்ச்சி குட்வினைச் சந்தித்து மார்வெலுக்குள் நுழைந்த அவருக்கு முதலில் கிடைத்தது ஆல்ஃபா ஃப்ளைட் என்ற, அவ்வளவாகப் பேசப்படாத மாதத் தொடர். நட்சத்திர அந்தஸ்து, மாதாமாதம் பக்கம் நிரப்பிய பிறகு வந்தது.

எல்லாப் படமும் இணையத்தில் கிடைக்கும்போது வரிசையில் நிற்பானேன் என்ற கேள்விக்கு வலு அதிகம். வேலைக்கு ஆள் தேடும் ஆசிரியர்கள் இன்று இணையத்தில்தான் நிறையப் பார்க்கிறார்கள். மாநாட்டு மேசையிலேயே வேலை கிடைப்பது அபூர்வம். ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர் திருத்தத்தை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதை இணையப் பக்கம் காட்டாது. ஒவ்வொரு குறைக்கும் சமாதானம் சொல்பவரோடு மாதக் கெடுவில் வேலை செய்வது பெரும்பாடு என்று ஆசிரியருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு அதே ஓவியர் புதிய பக்கங்களோடு வந்தால், போன முறை சுட்டிய குறை நீங்கியிருக்கிறதா என்பதைத்தான் ஆசிரியர் முதலில் தேடுவார்.