கடாரம்: பழைய பயணிகள் என்ன பார்த்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள்?

சுங்கை புரோங்கில் இருந்து கோல சிலாங்கூர் போனால், புக்கிட் மெலாவாத்தி ஏறாமல் திரும்ப மாட்டீங்க. பீரங்கி, கலங்கரை விளக்கம், தலை வெட்டினார்கள் என்று சொல்லப்படும் கல், குரங்குகள். அங்கே கதை எது, வரலாறு எது என்று பிரிப்பது ஓரளவு சுலபம். 1784-இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள்; அடுத்த வருடமே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். எல்லாம் எழுத்தில் இருக்கு.

கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு அப்படி இல்லை. நம் வீடுகளில் அதைக் 'கடாரம்' என்றுதான் சொல்வோம், கூடவே "சோழன் ஆண்ட ஊர்" என்றும் சேர்ப்போம். அங்கே வந்து போனவர்கள் உண்மையில் என்ன எழுதினார்கள்?

671-இல் யிஜிங் என்ற சீனத் துறவி குவாங்சோவில் பாரசீகக் கப்பல் ஏறினார். ஸ்ரீவிஜயத்தில் 6 மாதம் தங்கி, மலாயு வழியாகக் கெடா வந்து, அங்கிருந்து இந்தியாவுக்குக் கடல் கடந்தார். கெடாவை விட்டு வடக்கே 10 நாள் போனதும் ஒரு தீவைப் பார்த்தாராம். மக்கள் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு வந்து, பதிலுக்கு இரும்பு கேட்டார்கள் என்கிறார். நிக்கோபார் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கோயில்களை அவர் வர்ணிக்கவில்லை. அவருக்குக் கெடா, கப்பல் மாறும் இடம். இன்றைய கேஎல்ஐஏ மாதிரி.

1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரத்தையும் சேர்த்து, தாக்கிய ஊர்களைப் பட்டியலிடுகிறது. கவனிங்க, அது வெற்றிப் பட்டியல். சோழர்கள் இங்கே தங்கி நிலையாக ஆட்சி நடத்தினார்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

மலாய் மரபில் இருப்பது வேறு கதை. 'ஹிகாயத் மெரோங் மகாவங்சா'வில், ரோம் இளவரசனைச் சீனாவுக்கு அழைத்துப் போகும் மெரோங்கின் கப்பல்களைக் கருடன் தாக்குகிறது. தப்பிய மெரோங் கெடாவில் கரை ஏறுகிறார். கற்பனைதான். ஆனால் அதிலேயே ஒரு வரி நம்மை நிறுத்துகிறது: இன்று சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் நெல்வயல்களைப் பார்த்து நிற்கும் குனோங் ஜெராய், அப்போது 'பூலாவ் செராய்' என்ற தீவாம். அந்த மலையைச் சுற்றி ஒரு காலத்தில் கடல் இருந்து, பிறகு வண்டல் சேர்ந்து நிலமானது என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்த நூலை 1849-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ஜேம்ஸ் லோ, கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி. காட்டுக்குள் செங்கல் அடித்தளங்களையும் கல்வெட்டுகளையும் தேடி அலைந்தவரும் இவர்தான். ஐந்தாம் நூற்றாண்டு மாலுமி புத்தகுப்தனின் கல்லை 1834-இல் கண்டெடுத்தார்; அது இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கு. ஆனால் லோ பார்த்ததெல்லாம் அவருக்கு 'இந்துக் குடியேற்றம்' ஆகத் தெரிந்தது. குடியேற்ற ஆட்சியில் சம்பளம் வாங்கியவருக்கு வேறு எப்படித் தெரியும்? 1936-37-இல் அகழ்ந்த குவாரிச் வேல்ஸும் கிட்டத்தட்ட அதே பாதைதான்.

2009-இல் இருந்து சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தோண்டியபோது இரும்பு உருக்கும் உலைகளும் படகுத்துறைகளும் வெளிவந்தன. அதற்குப் பிறகு கேள்வி மாறியது: வந்தவர்கள் கட்டினார்களா, அல்லது இங்கே இருந்தவர்கள் வந்தவர்களோடு வியாபாரம் செய்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு தங்களுக்கு வேண்டியதைக் கட்டினார்களா? இரண்டாவதுதான் எனக்கு நம்பும்படியாக இருக்கு.

வேல்ஸ் இடங்களுக்கு எண் போட்டு வைத்தார். மெர்போக் அருங்காட்சியகம் பக்கத்தில் நீங்கள் படம் பிடிக்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட், 8-ஆம் இடம். 11-ஆம் இடத்தைப் படம் பிடிக்க முடியாது. 2013-இல் ஒரு வீடமைப்பு நிறுவனம் நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துவிட்டது. தனியார் நிலம், அரசிதழில் பாரம்பரிய இடமாகப் பதிவாகவில்லை. விஷயம் வெளியே வந்தபோது அங்கே மண்தான் மிச்சம்.