இயந்திர மொழிபெயர்ப்பில் விதியும் தரவும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினி மொழிபெயர்ப்பைத் 'தானாகவே கற்றுக்கொண்டது' என்று இன்று பரவலாகக் கூறப்படுகின்றது. இக்கூற்றினை வரலாற்றோடு பொருத்தி நோக்குமிடத்து, அது பெரும் உழைப்பொன்றை மறைத்து நிற்பது புலனாகும்.

1954 ஆம் ஆண்டு ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் நியூயோர்க்கில் நடத்திய பரிசோதனையில், 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு ருஷ்ய வாக்கியங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. பீற்றர் தோமா 1968இல் நிறுவிய சிஸ்ட்ரான் இம்மரபின் முதன்மையான பேறாகும். 1976இல் ஐரோப்பிய ஆணைக்குழு அதனைத் தன் தேவைக்குப் பெற்றுக்கொண்டது. இம்முறையில் விதிகளையும் அகராதிப் பதிவுகளையும் அறிஞர்கள் கையால் எழுதினர். விதியோடு விதி முரண்பட, விதிவிலக்குகள் பெருகின. எனினும், பிழை நேர்ந்தவிடத்துத் தவறிய விதி எதுவெனத் தேடிக் காணவும் அதுபற்றி வாதிடவும் வழியிருந்தது.

1980களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். ஆய்வாளர் வேறொரு மார்க்கத்தை முன்வைத்தனர். கனடியப் பாராளுமன்ற ஹன்சாட்டின் ஆங்கில வாக்கியங்களையும் அவற்றுக்கு ஒத்த பிரெஞ்சு வாக்கியங்களையும் இணைத்து, எச்சொல்லுக்கு எச்சொல் நிகராகும் என்பதன் நிகழ்தகவினை இயந்திரத்தைக் கொண்டு கணித்தனர். அவ்வாக்கிய இணைகள் எவ்வாறு தோன்றின என்பதே இங்கு எழும் வினா. பாராளுமன்றப் பதிவுகள் இருமொழிகளிலும் பேணப்படவேண்டுமென 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் விதித்தது. 1934இல் கனடிய அரசு மொழிபெயர்ப்புப் பணியகமொன்றை நிறுவியது. ஆகவே, பெயரறியப்படாத மொழிபெயர்ப்பாளர்களின் நீண்டகால உழைப்பே இயந்திரத்தின் பாடநூலாயிற்று.

2007இல் கூகிள் நிறுவனம், பெரும்பாலான மொழிகளுக்குத் தான் அதுவரை பயன்படுத்திய சிஸ்ட்ரானைக் கைவிட்டுத் தனது புள்ளிவிபர முறையைக் கைக்கொண்டது. 2016 முதல் அதன் இடத்தை நரம்பு வலையமைப்பு முறை பிடிக்கலாயிற்று. வாக்கியங்கள் முன்னரிலும் சரளமாயின. இம்முன்னேற்றம் மறுக்கற்பாலதன்று. ஆயின், மனிதர் வாசித்து விவாதிக்கத்தக்க விதிகள் மறைந்து, அவற்றின் இடத்தைக் கோடிக்கணக்கான எண்கள் நிரப்பின.

இம்மாற்றம் எல்லா மொழிகளுக்கும் ஒரே பயனை அளிக்கவில்லை. தமிழ் 2011இல் கூகிளின் சேவையிற் சேர்க்கப்பட்டு, 2017இல் நரம்பு முறைக்குள் வந்தது. எனினும், பிரெஞ்சுக்கு வாய்த்த அளவு இணைமொழி ஆவணங்கள் தமிழுக்கு வாய்க்கவில்லை. இதற்குக் காரணம் தமிழின் இலக்கணத்தில் இல்லை. எந்த அரசு, எந்த மொழியில், எவ்வளவு காலம் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி ஆவணங்களை வெளியிட்டது என்பதிலேயே அது தங்கியுள்ளது. விதியெழுதிய சிலரின் இடத்தை இயந்திரம் பெற்றது என்பது பாதி உண்மையே. மொழிபெயர்த்த பலரின் உழைப்பு அவ்விடத்தை நிரப்பியது என்பதே முழுமையான வரலாறு எனலாம்.